கத்தியின்றிச் சிதையும் கல்லீரல் கட்டி
மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி அலைகள், வயிற்றின் மேல் பொருத்தப்படும் அகன்ற கருவியிலிருந்து புறப்பட்டுக் கல்லீரலுக்குள் ஒரே புள்ளியில் குவிவதால், வழியிலுள்ள தோலும் தசையும் சிறிதளவு ஆற்றலையே ஏற்கின்றன. கட்டியை வெப்பத்தால் சுடும் முறையைப் போலன்றி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஹிஸ்டோட்ரிப்சி என்னும் இந்த மீயொலிச் சிகிச்சை, நொடியின் பத்து இலட்சத்தில் சில பங்கே நீடிக்கும் வலிய துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றின் எதிர்மறை அழுத்தம், அதாவது திசுவை இழுத்து விரிக்கும் விசை, அங்குள்ள வாயுவை நுண்குமிழிகளாகப் பெருக்க, மறுகணமே அவை ஒடுங்கி நொறுங்கும்போது செல்கள் கூழாகச் சிதைகின்றன. பெரிதும் வியக்கத்தக்கது, கொலாஜன் என்னும் உறுதியான நாரிழைப் புரதம் மிகுந்த பெரிய இரத்தக் குழாய்கள் அதே தாக்குதலைப் பெருமளவு தாங்கிக்கொள்வதாகும். சிதைந்த எச்சத்தை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கல்லீரல் கட்டிகளுக்கு இம்முறையை 2023 அக்டோபரில் அனுமதித்தது. எனினும், எலும்பும் குடல் வாயுவும் அலையைத் தடுப்பதால், எல்லாக் கட்டிகளும் இதற்கு இசைவதில்லை.