நட்டத்தில் விற்று இலாபம் காணும் வாணிபம்

அடக்க விலையினும் குறைத்து விற்பவன் பிழைப்பானா? வீடியோ விளையாட்டுக் கருவி வாணிபத்தில் பிழைக்கலாம். கருவியை ஒருவர் ஒருமுறையே வாங்குவார். ஆட்டங்களைப் பல ஆண்டுகள் வாங்குவார். பிறர் ஆக்கிய ஆட்டங்கள் விற்கும்போதும் கருவி செய்தவருக்கு உரிமைத் தொகை உண்டு. கருவி பல இல்லம் புகுந்தால்தான் ஆட்டம் ஆக்குவோர் வருவர். ஆட்டம் மிகுந்தால்தான் வாங்குவோர் பெருகுவர்.

1995 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், ஜப்பானியச் சேகா நிறுவனம் தன் சாட்டர்ன் கருவியைக் குறித்த நாளுக்கு முன்னரே 399 டாலருக்கு வெளியிட்டது. ஆட்டங்கள் போதிய அளவு ஆயத்தமாகவில்லை. அன்றே சோனி, பிளேஸ்டேஷனின் விலை 299 டாலர் என்றது. சேகா பின்தங்கியது. 1999இல் அமெரிக்காவில் டிரீம்காஸ்ட் கருவியை 199 டாலருக்கு விற்றும் மீளவில்லை. 2001இல் கருவித் தொழிலையே கைவிட்டது. விலையைக் குறைக்கலாம், இழந்த நம்பிக்கையை அதனால் வாங்கிவிட முடியுமா?