ஓரினமா, ஒன்பது இனமா?

கணினியில் குதிரை வளர்க்கும் விளையாட்டொன்று எமது இல்லத்தினுள்ளும் புகுந்துவிட்டது. தாய்தந்தையின் திறமை குட்டிக்கு இறங்கும். ஆதலின் ஒவ்வொன்றையும் நாள்தோறும் தீனியிட்டுப் பழக்குதல் வேண்டும். எமது மகளோ அரபு, பிரீசியன் என ஒன்பது இனங்களைச் சேர்த்துவிட்டாள். இனத்துக்கு இரண்டே உருப்படி! பரீட்சையோ நெருங்குகின்றது. “எத்தனை இனம் வளர்க்கலாம், அப்பா?” என்றாள், கண்ணைக் கசக்கியவாறே.

யாம் லிப்பிசாப் பண்ணையை எடுத்துக் காட்டினோம். இன்றைய சுலொவீனியாவில் 1580ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அப்பண்ணையின் புகழனைத்தும் லிப்பிசானர் என்னும் ஓரினத்தாலேயே வந்தது. (கரிய குட்டிகளாகப் பிறந்து, ஆண்டுகள் சில சென்றபின் வெளுப்பவை அவை!) ஆயினும் அவ்வோரினத்துள்ளே புளூட்டோ, கொன்வெர்சானோ முதலான ஆறு தந்தைவழிகளைப் பிரித்துப் பேணுகின்றனர், தாய்வழிகளோ இன்னும் பல. அதனாலன்றோ நெருங்கிய உறவை விலக்கி இணை சேர்க்க இயல்கின்றது! இரண்டே குதிரைகள் உள்ள இனத்திலோ, அடுத்த தலைமுறையிலேயே உடன்பிறந்தவற்றை இணைக்க நேரிடும்.

ஏழினங்களை விற்றுவிட இசைந்தாள். ஓரினமே போதும் என்பது எம் கருத்து. பிரீசியனின் நீண்ட பிடரிமயிரைப் பிரிய அவளுக்கு மனமில்லை.