கோழியின் வயிற்றில் கரையும் முதல்



கடன் கொப்பி, சரக்கு இருப்பு, காசோலை என்றுதான் இந்தப் பக்கத்தில் வழமையாக எழுதி வருகிறேன். இந்த வாரம் கோழியின் குடலைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கடைக்குப் பின்னால் பத்துக் கோழி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதில் வரும் இலாபத்தையும் நட்டத்தையும் கணக்கில் எழுதுபவர் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள்.

எனக்கு வீடு காத்தான்குடியில், பலசரக்குக் கடை கல்லடியில். 2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து, தீன் விலையும் முட்டை விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது நினைவிருக்கும். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. அந்தக் காலத்தில்தான் கடைக்குப் பின்னாலுள்ள வளவை வலையடித்து, ஊர்க்கோழியும் கலப்பினமுமாக 40 பேடுகள் விட்டேன். நாளொன்றுக்கு 20, 21 முட்டை கிடைத்தது. அன்றன்றே கடையில் விற்றுப் போகும். அல்ஹம்துலில்லாஹ், நல்ல தொழில் என்றே நினைத்தேன்.

அடுத்த மாரி முடிந்து தை மாதம். ஒரு நாள் காலை, என்னிடம் வழமையாகச் சாமான் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் ஆட்கள் நின்றதால் குரலைத் தாழ்த்தி, "முதலாளி, இத ஒருக்காப் பாருங்க. நேத்து வாங்கின முட்டைக்குள்ள கிடந்தது" என்றார். வெள்ளைக் கருவுக்குள் இடியப்ப நூல் போல ஒரு புழு.

எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் அன்றோடு என் முட்டை வியாபாரம் முடிந்திருக்கும்.

முன்பே தெரிந்த அடையாளங்கள்

உண்மையில் கோழிகள் இரண்டு மாதமாகவே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன, நான்தான் கேட்கவில்லை. சிவந்திருந்த பூ வெளிறிப் போயிருந்தது. குஞ்சுகள் செட்டையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நின்றன. எச்சம் இளகியிருந்தது. கோழியைத் தூக்கினால் நெஞ்செலும்பு கத்தி முனை போலக் கையில் தட்டியது. ஆனால் தீன் மட்டும் குறையவில்லை. 15 நாள் வந்த மூடை 12 நாளில் முடிந்தது. 20 வந்த முட்டை 12 ஆனது. மழைக்காலம்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 8 முட்டை குறைந்தால் மாதத்துக்கு 240 முட்டை. அதன் மேல் கூடுதலாகப் போன தீன். கல்லாவிலிருந்து ஒருவர் தினமும் இவ்வளவு காசை எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? கோழியின் வயிற்றில் இருந்தபடி எடுத்ததால் எனக்குக் கண்ணில் படவில்லை.

முட்டைக்குள் புழு எப்படி வந்தது?

அன்றே பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். வைத்தியர் விளக்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கோழிக்குக் குடல் வழியும் முட்டை வழியும் முடிவில் ஒரே வாசலில்தான் சேர்கின்றன. குடலில் புழு மிகுந்துவிட்டால் எப்போதாவது ஒன்று அந்த வாசல் வரை வந்து, முட்டைக் குழாய்க்குள் ஏறிவிடும். அங்கே உருவாகும் முட்டை அதையும் சேர்த்து ஓடு கட்டிவிடும். இது மிக அரிதாக நடப்பது. கோழியின் இந்தப் புழு மனிதரின் வயிற்றில் வாழ்வதும் இல்லை. ஆனால் கோப்பையில் புழுவைக் கண்ட வாடிக்கையாளரிடம் இந்த விளக்கம் எடுபடாது. ஒரு முட்டையில் புழு தெரிந்தால் கூட்டிலே எவ்வளவு இருக்கும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எல்லாப் பூச்சியும் ஒன்றல்ல

நாம் பொதுவாகப் பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். வியாபாரிக்கு அரிசியில் எத்தனை வகை என்று தெரிவது போல இதிலும் வகை தெரிய வேண்டும்.

முதலாவது உருண்டைப் புழு. கோழியில் அதிகம் காணப்படுவது இதுதான். வெள்ளை நிறம், 5 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளம். சிறுகுடலில் இருக்கும். அளவு மிஞ்சினால் குடலையே அடைத்துவிடும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளைத்தான் கூடுதலாக வாட்டும். விற்றமின் ஏ குறைந்த தீன் தின்னும் கோழியில் இதன் பலம் இன்னும் கூடும்.

இரண்டாவது, குடலின் பின்பகுதியிலுள்ள இரட்டைப் பைகளில் வாழும் சிறு புழு. ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். கோழிக்கு இது பெரிய கெடுதி செய்யாது. ஆனால் வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கொல்லும் ஒரு நோய்க்கிருமியை இதன் முட்டைகள் சுமக்கின்றன. ஆகவே வான்கோழி வளர்ப்பவர்கள் கோழியோடு சேர்த்து மேயவிடக் கூடாது.

மூன்றாவது தலைமயிர் போன்ற புழு. கண்ணுக்கு இலகுவில் தெரியாது. சிறியதென்றாலும் குடல் சுவரைத் துளைத்துக் கோழியை உருக்கிவிடும். இதன் சில வகைகள் மண்புழு வழியாகப் பரவுகின்றன.

நான்காவது நாடாப்புழு. எச்சத்தில் அரிசிக் குறுணல் போலத் துண்டு துண்டாக வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். எறும்பு, வண்டு, நத்தை போன்றவற்றைக் கோழி கொத்தித் தின்னும்போது உள்ளே போகிறது.

குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் புழுவல்ல, இரத்தக் கழிச்சல் என்ற வேறு நோய். அதற்குப் பூச்சி மருந்து கொடுப்பது வயிற்று வலிக்குத் தலையில் எண்ணெய் தேய்ப்பது போலத்தான்.

வகையை எப்படி அறிவது? வீட்டில் கோழி அறுத்தால் குடலைச் சும்மா எறியாமல் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். செத்த கோழியையும் புதைக்க முன் வைத்தியரிடம் காட்டுங்கள். புதிய எச்சத்தைச் சிறு போத்தலில் கொண்டுபோனால் நுணுக்குக்காட்டியில் வைத்து எந்தப் புழுவின் முட்டை என்று சொல்லிவிடுவார்கள். மருந்துக்குச் செலவழிக்க முன் செய்ய வேண்டியது இதுதான்.

கல்லடி மண்ணும் மாரி மழையும்

நான் செய்த பெரிய பிழை கோழியை மட்டும் பார்த்து மண்ணைப் பாராமல் விட்டது.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை எச்சத்தோடு நிலத்தில் விழுகின்றன. விழுந்தவுடன் அவற்றால் ஆபத்தில்லை. ஈரமும் சூடும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு கிழமையில் உள்ளே குஞ்சுப் புழு தயாராகிவிடும். அதைக் கோழி தீனோடு கொத்தினால் 5 முதல் 8 கிழமைக்குள் அது வளர்ந்து மறுபடி முட்டையிடத் தொடங்கும். கொத்தப்படாமல் நிழலிலும் ஈரத்திலும் கிடந்தால் மாதக் கணக்காக, சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டைகள் இலகுவில் மசிவதில்லை. கடும் வெயிலும் காய்ந்த மண்ணும் கொதிநீரும்தான் இவற்றுக்கு எதிரி.

இப்போது நம் இடத்தைப் பாருங்கள். கல்லடி ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மணல் மண், வெயில் எறித்தால் ஒரே நாளில் மேல் காய்ந்துவிடும். அதனால் இங்கே புழு வராது என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனால் ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவ மழை. நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு எப்படிக் கிடந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். மழை விட்ட பின்னும் தென்னை நிழல், கிணற்றடி, விறகுக் குவியல், தண்ணீர்ச் சட்டியைச் சுற்றிய இடம் ஆகியவை காய்வதில்லை. என் 40 கோழிகளும் நாள் முழுக்க நின்று கிளறியது அந்த இடங்களில்தான்!

மருந்தில் நான் செய்த பிழைகள்

முட்டையில் புழு வருவதற்கு முன்பே, குஞ்சுகள் வாடியபோது, ஒரு கடையில் லேபல் இல்லாத சரையில் பைப்பரசீன் தூள் வாங்கி, கண்மதிப்பில் தண்ணீரில் கலக்கி வைத்தேன். கோழிகள் பாதி குடித்தன, மீதியைக் கிணற்றடிக் குட்டையில் குடித்தன. சில புழுக்கள் விழுந்தன. வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். வேப்பிலையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் காணவில்லை.

வைத்தியர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

பைப்பரசீன் வளர்ந்த உருண்டைப் புழுவை மட்டும்தான் வெளியேற்றும். பைப் புழுவுக்கோ மயிர்ப் புழுவுக்கோ நாடாப்புழுவுக்கோ அது போதாது. குடல் சுவரில் ஒட்டியிருக்கும் இளம் புழுக்களும் தப்பிவிடும். அவை வளர்ந்து முட்டையிட முன் இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். லெவமிசோல், பென்பெண்டசோல், அல்பெண்டசோல் போன்றவை கூடுதலான வகைகளைத் தாக்கும். எது, எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி என்பதை வகை அறிந்த வைத்தியரே சொல்ல வேண்டும். மனிதருக்கான பூச்சிக் குளிசையை இடித்துப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். யாருக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது.

அளவு என்பது கோழியின் நிறைக்கு ஏற்றது. நம் கடையில் தராசு இருக்கிறது. ஐந்து கோழியைச் சாக்கில் போட்டு நிறுத்து, சராசரி எடுங்கள். ஒன்று ஒன்றரைக் கிலோ என்றால் 40 கோழி 60 கிலோ. ஒரு கிலோவுக்கு 20 மில்லி கிராம் என்று வைத்தியர் எழுதியிருந்தால் மொத்தம் 1200 மில்லி கிராம். குறைத்துக் கொடுப்பது சிக்கனமல்ல. பலவீனமான புழு சாகும், பலமானது மிஞ்சிப் பெருகும். ஆடுகளில் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பல நாடுகளில் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன.

தண்ணீரில் கொடுப்பதானால் வளவிலுள்ள மற்றத் தண்ணீர்களை எடுத்துவிட்டு, காலையில், சில மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவில் மட்டும் கலக்குங்கள். நம் வெயிலில் கோழியை நெடுநேரம் தாகத்தில் போடக் கூடாது.

விற்கக் கூடாத நாட்கள்

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய முக்கிய இடம் இது. மருந்து கொடுத்த பின் எத்தனை நாளைக்கு முட்டையையும் இறைச்சியையும் உண்ணக் கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே பல நாடுகளில் அனுமதிக்கப்படாத மருந்துகளும் உண்டு. லேபலில் இதைப் பாருங்கள். லேபல் இல்லாத மருந்தை வாங்கவே வேண்டாம்.

அசுத்தம் மேய்ந்த கோழியை மூன்று நாள் அடைத்து நல்ல தீன் கொடுத்து அறுப்பது நம் வீடுகளில் உம்மாமார் காத்துவந்த நல்ல பழக்கம். ஆனால் அந்த மூன்று நாளில் மருந்தும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. மருந்துக்குரிய நாள் லேபலில் உள்ள நாள்தான்.

அந்த நாட்களின் முட்டையை இரகசியமாக விற்றால் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்பதும் நமக்குத் தெரிந்ததே.

இப்போது நான் செய்வது

வளவை வலையால் இரண்டாகப் பிரித்து, கோழிகளை மாறி மாறி விடுகிறேன். வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தில் தென்னோலையைக் கழித்து வெயில் விழவிட்டு, மண்ணைக் கிளறிக் காயவிடுகிறேன். இதனால் எல்லா முட்டையும் சாகாது, ஆனால் சுமை குறைகிறது. தீனை நிலத்தில் எறிவதில்லை, தொட்டியில் போடுகிறேன். தண்ணீர்ச் சட்டி கல்லின் மேல் இருக்கிறது. கூட்டில் உமி போட்டு, நனைந்ததை அன்றே அள்ளுகிறேன். விறகுக் குவியலை வளவுக்கு வெளியே மாற்றினேன். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு விடுவதில்லை. மழைக்கு முன் ஒரு தடவையும் மழை முடிந்து ஒரு தடவையும் எச்சத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து. இராணிக்கெட் தடுப்பூசி போடுவதானால் அதற்கு ஒரு வாரம் முன்பே புழுவைத் தீர்த்துக்கொள்கிறேன்.

இவற்றில் மருந்துச் செலவு சிறியது. வலையும் உழைப்பும்தான் கூட. ஆனால் மூன்றாம் மாதம் முட்டை பழையபடி 20க்கு வந்தது, தீன் மூடையும் 15 நாள் வந்தது.

அந்த ஆசிரியைக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இனி நான் சொல்லும் வரை இங்கே முட்டை வாங்க வேண்டாம் என்றேன். முட்டைக் கூடைக்கு மேல் "மருந்து கொடுத்துள்ளோம், முட்டை விற்பனை இல்லை" என்று ஒரு மட்டையும் தொங்கவிட்டேன். வாடிக்கை போய்விடும் என்று பயந்தேன். மட்டையைக் கழற்றிய அன்று முதல் பத்து முட்டையை வாங்கிப் போனவர் அந்த ஆசிரியைதான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் மீண்டும் கடன் கொப்பியோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.