மண் குதிரையை நம்பலாம்!

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், ஆறென்ன, கடலையே தாண்டக் கிளம்பிய மண் குதிரை ஒன்று உண்டு, தெரியுமோ? கால் நோகாமல், கடித உறையின் மூலையில் ஒட்டிக்கொண்டு கிளம்பிற்று அது!

1957-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, நம் தபால் இலாகா மூன்று தபால்தலைகளை வெளியிட்டது. ஒன்றில் வாழைப்பழம் தின்னும் குழந்தை. இன்னொன்றில் பலகையில் எழுதும் சிறுமி. மூன்றாவதான 90 நயா பைசாத் தலையில், கழுத்தை நிமிர்த்தி நின்றது வங்காளத்துப் பாங்குராக் குதிரை.

கொரியா தேசத்தார் தங்கள் புராதனப் பீங்கான் ஜாடிகளை 1977-ல் தபால்தலைகளில் அச்சிட்டுப் பெருமைப்பட்டார்கள். வெள்ளை ஜாடியில் படர்ந்த திராட்சைக் கொடியின் அழகே அழகு! ஆனால் அந்த ஜாதி ஜாடிகளுக்கு இன்று வாசம் பொருட்காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே. நம் குதிரைக்கோ கிராமத்து மரத்தடிதான் வாசஸ்தலம். இங்கே ஐயனாருக்குப் போல, அங்கே தர்ம டாகுர் என்ற தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு குதிரை வைக்கிறார்கள்.

பாஞ்ச்முரா கிராமத்துக் குயவர்கள் கால், உடல், கழுத்து, முகம் எல்லாவற்றையும் சக்கரத்தில் தனித்தனியே வனைந்து பொருத்துகிறார்கள். காதும் வாலும் பின்னால் செருகுவது. சூளையில் புகைக்கு வழி விட்டால் சிவப்புக் குதிரை. வழியை அடைத்துவிட்டால் கறுப்புக் குதிரை! புகை அடைந்தால் பாத்திரம் கறுக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

திருவண்ணாமலைக்கும் தபால்தலைச் சம்பந்தம் உண்டு. 1971-ல் ரமண மகரிஷியின் உருவம் 20 பைசாத் தலையில் வந்தது. ஆனால் அவ்வூர் மண்ணின் பெருமையைக் காணக் கார்த்திகைக்குப் போகவேண்டும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம். கீழே வீட்டுக்கு வீடு அகல் வரிசை.

அந்த அகலுக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. கார்த்திகை மழைக்காலத்தில் வருகிறது. அகலோ வெயிலில் நன்றாக உலர்ந்தாக வேண்டும். ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடித்துவிடும். நாலு நாள் அடைமழை பிடித்தால், குயவர் வீட்டில் உலை கொதிப்பதே சந்தேகம். பிளாஸ்டிக் விளக்கும் பீங்கான் விளக்கும் வேறு போட்டிக்கு நிற்கின்றன.

சகோதரிகளே, தபாலாபீஸில் தலைக்குச் சொன்ன விலையை முணுமுணுக்காமல் கொடுக்கிறோம். வாசலில் கூடையை இறக்கும் அகல்காரியிடம் மட்டும் பேரம் எதற்கு?