திங்கட்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்குகிறதா?

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா போதும் அய்யா... வயித்தைப் பிசையுது. ராத்திரி நாலு தடவை போயிட்டு வந்துடறேன். காலையில கையெல்லாம் சில்லுனு ஆயிடுது!”

அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்ப்பவர் அவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதை அவர் சொன்னது, என்னிடம் வர ஆரம்பித்து மூன்றாவது மாதத்தில்தான். அதுவரை ‘வயித்துப்போக்கு’ என்று மட்டுமே சொல்லியிருந்தார். நானும் நாடி பார்த்தேன், சூரணம் கொடுத்தேன், பத்தியம் சொன்னேன். ‘எந்தக் கிழமையில தம்பி வருது?’ என்று மட்டும் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான். கேட்ட அன்றைக்குத்தான் புரிந்தது. அவருடைய வியாதிக்கு வேர் வயிற்றில் இல்லை, திங்கட்கிழமையில் இருந்தது!

பரீட்சை அன்றைக்குக் காலையில் பிள்ளைகள் ‘வயிறு வலிக்குது’ என்று அழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இதுவும்.

பயம் வயிற்றுக்கு எப்படிப் போகிறது?

‘நாளைக்கு மேலதிகாரி என்ன சொல்வாரோ’ என்று நினைத்த மாத்திரத்தில், எதிரே பாம்பைக் கண்டதுபோல உடம்பு தயாராகிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. வாதம் மிகுந்து, கீழ்நோக்கிச் செல்லும் வாயுவான அபானன் தடுமாறுகிறது என்பது சித்த மருத்துவம் சொல்லும் விளக்கம். பாஷைதான் வேறு, வயிறு ஒன்றுதான்!

போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை நாம் என்ன செய்கிறோம்? ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிறோம். மத்தியானம் பிரியாணி, அப்புறம் இரண்டு மணி நேரத் தூக்கம். ராத்திரி எப்படித் தூக்கம் வரும்? புரண்டு புரண்டு படுக்கிறோம். அந்த நேரத்தில்தான் கவலையெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

கிழமையா குற்றவாளி?

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் நிறைய. சவுதியிலும் குவைத்திலும் வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு. அங்கே இருப்பவருக்குச் சனிக்கிழமை ராத்திரியே வயிறு கலங்கும்! ஆக, கிழமை மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் வழியில் சிறுவாச்சூர் மதுர காளியம்மன் கோயில் இருக்கிறது. வழக்கமாக அங்கே நடை திறப்பது வாரத்தில் இரண்டே நாள், திங்களும் வெள்ளியும். எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். எங்கெங்கிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டு வருவார்கள். ஒருவர் பயந்து நடுங்கும் அதே திங்கட்கிழமைக்காக இன்னொருவர் காத்துக் கிடக்கிறார்!

என் நோயாளிக்கும் அவள்தான் குலதெய்வம். “ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வீட்டம்மாவோட போயிட்டு வாங்க தம்பி” என்றேன். திரும்பி வந்தவர் சொன்னார்: “கோயில்ல பொம்பளைங்க மாவிளக்குக்கு மாவு இடிச்சுக்கிட்டிருந்தாங்க அய்யா. ஒரே சிரிப்பும் பேச்சும். அவங்களுக்கும் இது திங்கக்கிழமைதானேன்னு தோணுச்சு.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் வீட்டில் விளக்கேற்றி, செல்போனைத் தொடாமல் பத்து நிமிடம் உட்காருகிறார். நாளின் முதல் பத்து நிமிடம் மேலதிகாரிக்குச் சொந்தமில்லை, அவருக்கும் அவருடைய அம்மனுக்கும் சொந்தம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவிடம் ஜெபிப்பவருக்கும், அதிகாலைத் தொழுகையை முடித்துக் கிளம்புபவருக்கும் இதே பலம் கிடைக்கும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஏரிக்கரையில் காலாற நடந்துவிட்டு வரலாம்.

கும்பிட்டால் மட்டும் போதுமா?

போதாது. ‘எல்லாம் நல்லதே நடக்கும்’ என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னால் மனசு நம்பாது. ‘போன வாரமும் கஷ்டம் வந்தது, சமாளித்தேன். இந்த வாரமும் சமாளிப்பேன்’ என்று சொல்லிப் பாருங்கள், நம்பும். காரணம், அது நடந்த உண்மை.

பயத்துக்கு ஒரு பெயரும் வைக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்டதில், அந்த அன்பருக்கு வேலை பயமில்லை, திங்கட்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் திட்டு வாங்குவதுதான் பயம் என்று தெரிந்தது. அதிகாரியைத் தனியாகப் பார்த்து, “தப்பு இருந்தா கூப்பிட்டுச் சொல்லுங்க சார்” என்று கேட்டுக்கொண்டார். அதிகாரி ஒன்றும் தேவராகிவிடவில்லை. ஆனால், திட்டு பாதியாகக் குறைந்தது!

நீங்கள் செய்ய வேண்டியவை:

• வார வேலை முடிந்து கிளம்பும்போதே, திங்களன்று முதலில் செய்யவேண்டிய மூன்று வேலைகளை எழுதி வைத்துவிடுங்கள்.

• லீவு நாளிலும் வழக்கமான நேரத்தை ஒட்டியே எழுந்திருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதைக் கடைப்பிடித்தால், ராத்திரி தூக்கம் தானாக வரும்.

• சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். எட்டு மணிக்குள் இட்லி, கஞ்சி போல எளிய உணவு போதும்.

• சித்த மருத்துவம் அடக்கக்கூடாது என்று சொல்லும் 14 வேகங்களில் தூக்கமும் கண்ணீரும் உண்டு. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஆண்களும்தான்!

• படுக்கும் முன் 5 நிமிடம், மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

எச்சரிக்கை!

திங்கட்கிழமை காலையில் நெஞ்சு வலித்தால் ‘பயம்தான்’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மாரடைப்பு திங்களன்று சற்று அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தம் போனாலும், எடை குறைந்தாலும் பரிசோதனை அவசியம். வாரம் முழுக்கத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று. சம்பளத்தை இழுத்தடிக்கிற இடத்திலோ, பெண்களிடம் தவறாக நடக்கிற இடத்திலோ வரும் பயம் உங்கள் மனசின் கோளாறு அல்ல. அங்கே விளக்கேற்றுவதோடு புகாரும் எழுத வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பெண்களுக்கான உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

அந்த அன்பர் போன மாதம் வந்திருந்தார். “எப்பவாவது ஒரு ஞாயித்துக்கிழமை வயிறு லேசா முணுமுணுக்குது அய்யா” என்றார். “முணுமுணுத்தா என்ன பண்றீங்க?” என்று கேட்டேன். “நாளைக்கு அம்மனுக்கு நடை திறக்கிற நாளுன்னு சொல்லிட்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிடறேன்” என்றார் சிரித்துக்கொண்டே.

சூரணத்தை அன்றோடு நிறுத்திவிட்டேன்!