மல்லாட்டை விதை ஏன் மாறுவதில்லை?

செஞ்சி, வல்லம், திண்டிவனம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னுதான் பேரு. அதில் டிஎம்வி 2 என்று ஒரு பழைய ரகம் உண்டு. அந்த 'டிஎம்வி' திண்டிவனத்தைக் குறிக்கிறது. குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்து 1940-இல் வெளியிட்டது. விவசாயிகள் அறுவடையிலேயே விதைக்கு எடுத்து வைத்து, பல பத்தாண்டுகள் அதே ரகத்தை ஓட்டினார்கள். கலப்பின மக்காச்சோளத்தில் இது நடக்காது. வருஷா வருஷம் விதை வாங்கணும்.

ரெண்டும் பூத்து, மகரந்தம் சேர்ந்துதான் விதை வைக்கின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? பதில் மியாசிஸில், அதாவது பாடநூல் சொல்லும் குன்றல் பகுப்பில் இருக்கிறது.

மல்லாட்டைச் செல்லில் 40 குரோமோசோம்கள், 20 ஜோடிகளாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. மகரந்தமும் முட்டைச் செல்லும் 40-ஐ அப்படியே கொண்டுபோனால், அடுத்த தலைமுறைக்கு 80, அதற்கடுத்து 160 ஆகிவிடும். அதனால் பாதியாக்கியே ஆகணும்.

நடப்பது இதுதான். முதலில் எல்லா குரோமோசோமும் ஒருமுறை நகல் எடுக்கப்படுகிறது. பிறகு ஜோடிகள் நெருங்கி ஒட்டி, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இதற்குக் குறுக்கேற்றம் என்று பெயர். முதல் பிரிவில் ஜோடிகள் விலகி ஆளுக்கொரு பக்கம் போகின்றன. இரண்டாம் பிரிவில் நகல்கள் பிரிகின்றன. ஆக ஒரு நகல், இரண்டு பிரிவு, கடைசியில் 20 குரோமோசோமுடன் நான்கு செல்கள். பூவின் ஆண் பக்கத்தில் நான்குமே மகரந்தமாகும். பெண் பக்கத்தில் ஒன்றுதான் மிஞ்சும்.

எந்த ஜோடியில் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். 20 ஜோடிக்கு 10,48,576 விதமான சேர்க்கை சாத்தியம். குறுக்கேற்றத்தைச் சேர்த்தால் கணக்கே கிடையாது.

இவ்வளவு குலுக்கியும் டிஎம்வி 2 ஏன் மாறலை? குலுக்க வேறு வேறு சீட்டு வேணுமே! மல்லாட்டைப் பூவில் மகரந்தமும் சூல்முடியும் ஒரே இதழுக்குள் மூடிக் கிடக்கும். பூ விரியும்போதே தன் மகரந்தம் தன்மேல் விழுந்துவிடும். தேனீயால் எப்போதாவது கொஞ்சம் கலக்கும், அவ்வளவுதான். இப்படித் தனக்குள்ளேயே சேரும்போது, ஜோடிக்குள் இருக்கும் வேறுபாடு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகும்: 100, 50, 25... ஆறு தலைமுறையில் 2 சதவீதத்துக்கும் கீழே. அதன்பின் ஜோடியின் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதான். மியாசிஸ் குலுக்கத்தான் செய்கிறது, ஆனால் புதுசா எதுவும் விழாது.

கலப்பின மக்காச்சோளம் நேர் எதிர். வேறுபட்ட தூய வரிசைகளைச் சேர்த்த விதை அது. வயலில் எல்லாச் செடியும் ஒண்ணுபோலவே நிற்கும். ஆனால் அவற்றின் மியாசிஸ் எல்லா வேறுபாட்டையும் கலைத்துப் போடும். அந்தக் கதிரை விதைத்தால் நெட்டையும் குட்டையுமாக வரும், விளைச்சலும் குறையும்.

மாறாத விதைக்கு ஒரு விலையும் உண்டு. இலைப்புள்ளியும் துரு நோயும் டிஎம்வி 2-ஐ எளிதில் தாக்கும். எல்லாச் செடியும் ஒண்ணு என்பதால், ஒன்றுக்கு வந்தால் வயல் முழுக்க ஆபத்து. எதிர்ப்புச் சக்தி வேணும்னா வெளியிலிருந்துதான் கொண்டுவரணும். அதுக்கு முதல்நாள் சாயங்காலமே மொட்டைத் திறந்து, மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வேறு செடியின் மகரந்தத்தைக் கையால் தடவுகிறார்கள். அப்போதுதான் மியாசிஸுக்குக் குலுக்க ஏதாவது கிடைக்கிறது. தார்வாட்டில் உருவான ஜிபிபிடி 4 ரகத்தின் நோய் எதிர்ப்பு, அராக்கிஸ் கார்டினாசி என்ற தென்னமெரிக்கக் காட்டுக் கடலை வழியாக இப்படி வந்ததுதான்.

ஆகவே 'சொந்த விதை போடலாமா?' என்று யாராவது கேட்டால், திருப்பிக் கேட்க வேண்டியவை ரெண்டு. அது ரகமா, கலப்பினமா? அதன் பூ தனக்குள்ளேயே சேருமா, வெளி மகரந்தம் வாங்குமா? மல்லாட்டை என்றால் தாராளமா போடலாம். களத்தில் வேறு ரகத்தோடு கலக்காமலும், நோய்ப்பட்ட செடியிலிருந்து எடுக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.