எலிக்காய்ச்சற் கிருமியின் பல போர்வைகள்

பெரும்போக மழையில் வயல்கள் சேறாகுங் காலத்தில், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய பகுதிகளிற் கமக்காரர் நாள் முழுவதும் நீரில் நின்று வேலை செய்வர். எலி, மாடு, எருமை ஆகியவற்றின் சிறுநீர் அந்நீரிற் கலந்திருக்கக்கூடும். அதனுடன் வெளிவரும் லெப்டோஸ்பைரா என்னுஞ் சுருள்வடிவப் பற்றீரியா, கால்வெடிப்பு வழியாகவும் நீரில் ஊறிய தோல் வழியாகவும் உடலினுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். இலங்கையில் 2008 ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இந்நோயால் உயிரிழப்பு நேர்ந்தது.

ஒருமுறை வந்த நோய் மறுமுறை வராது என்று கருதுவோர் உளர். சின்னமுத்துக்குப் பொருந்தும் இவ்வெண்ணம் எலிக்காய்ச்சலுக்குப் பொருந்தாது. அதன் காரணம் கிருமியின் மேற்பரப்பில் உள்ளது.

இக்கிருமியைக் கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த ஒரு போர்வை மூடியுள்ளது. நோயுற்றவரின் குருதி இப்போர்வையை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. இவ்வாறு அவற்றைத் தூண்டும் பொருளே பிறபொருளெதிரியாக்கி எனப்படும். நெல் வகைகள் உமியின் நிறத்தால் வேறுபடுதல் போல, இக்கிருமியும் சர்க்கரைகளின் அமைப்பால் 250க்கு மேற்பட்ட வகைகளாக வேறுபடுகின்றது. ஒரு வகைக்கென ஆக்கப்பட்ட பிறபொருளெதிரி மற்றொரு வகையைப் பெரும்பாலும் இனங்காணாது.

யப்பானில் இது முன்னரே தெளிவாயிற்று. இனடா, இடோ என்போர் 1915 இல் இக்கிருமியைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளில், வயலில் உழைப்போரிடையே காணப்பட்ட 'ஏழுநாட்காய்ச்சல்' ஆராயப்பட்டபோது, உருவில் ஒத்ததும் குருதிச் சோதனையில் வேறானதுமான கிருமி வெளிப்பட்டது.

சர்க்கரைச் சங்கிலியை அமைக்கும் பரம்பரையலகுகள் கிருமியின் நிறமூர்த்தத்தில் ஒரே பகுதியில் நெருங்கி அமைந்துள்ளன. அவை ஓரினத்திலிருந்து மற்றோரினத்துக்குப் பெயர்ந்தும் செல்லும். மாடுகளைப் பீடிக்கும் 'ஹாட்ஜோ' என்னும் வகை இரு வேறு லெப்டோஸ்பைரா இனங்களிற் காணப்படுகின்றது. உடல் வேறு, போர்வை ஒன்று. ஆகவே போர்வையைக் கொண்டு இனத்தைத் துணிதல் இயலாது. தடுப்பூசி ஆக்குவோருக்கும் இப்பன்மையே பெரும் இடர். ஓரிடத்தில் வழங்கும் வகைகளுக்கு ஆக்கிய ஊசி வேறிடத்திற் பயன்படாது போகலாம்.

டொக்சிசைக்கிளின் என்னும் மருந்துக்கு இவ்விடர் இல்லை. கிருமியினுள்ளே புரதம் ஆக்கப்படுவதை அது தடுப்பதால், போர்வை எதுவாயினும் வேலை செய்யும். ஆயினும் அது முழுக்காவலன்று. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதுபற்றிக் கேட்டறிதல் வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுந் தாய்மாரும் சிறுவரும் தாமாக இதனை உட்கொள்ளலாகாது. காலிற் புண்ணுள்ளோர் அதனை நன்கு மூடிக்கட்டியே சேற்றில் இறங்குதல் வேண்டும். மரக்கறித் தோட்டத்து வாய்க்காலைத் துப்புரவு செய்வோருக்கும் இது பொருந்தும்.

சேற்றில் வேலை செய்து ஓரிரு வாரத்திற் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் நோவு, கண்சிவப்பு ஆகியன தோன்றின், முன்பு இந்நோய் வந்தவராயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். சிறுநீர் குறையும்வரை காத்திருத்தல் ஆபத்து. வயலில் இறங்கிய செய்தியை வைத்தியர் கேட்குமுன்னரே அவரிடங் கூறுதல் வேண்டும்.